பதில் சொல்லவில்லை என்று எழுதினார்கள்

மார்ச் மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்று அடித்து ஆறாவது நிமிடத்தில், ஒரு பெரிய மருத்துவமனையின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில், பதினோராண்டு பணியாற்றிய ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே "கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை" என்று எழுதி இருவர் கையொப்பமிட்டனர். எழுதியது பொய்யன்று. ஆயினும் அதைவிடப் பெரிய அநியாயத்தை அன்று அந்தக் கட்டடத்தில் வேறு எவரும் செய்யவில்லை. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

அவளை எல்லோரும் ட்ரே அக்கா என்றே அழைத்தார்கள். அறுவைக் கூடத்தில் பயன்படுத்திய கத்திரி, இடுக்கி, உளி, சுத்தியல் முதலியவை இரத்தக் கறையோடு தரைத்தளத்தின் பின்புற அறைக்கு வந்து சேரும். அவற்றை ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, பூதக்கண்ணாடியின் கீழே பல் பல்லாகப் பார்த்து, தட்டில் அடுக்கி, இரட்டைத் துணியில் சுற்றி, நீராவி இயந்திரத்துக்குள் தள்ளிக் கிருமி நீக்கி மேலே அனுப்புவது அந்த அறையின் வேலை. தட்டு அடுக்குவதில் அவளுக்கு நிகர் அவள்தான். எலும்பு அறுவைக்கான பெரிய தட்டில் அறுபத்து நான்கு கருவிகள் உண்டு. ஒன்று குறைந்தாலும் தட்டைத் தூக்குகிற கையே அவளிடம் சொல்லிவிடும்.

அப்படிப்பட்ட அறைக்கு ஓர் ஆணை வந்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஏழு ஒப்பந்த வேலைகள் நீக்கப்படும். அவற்றுக்குப் பதிலாக நான்கு நிரந்தர வேலைகள் அமையும். புதிய நீராவி இயந்திரம் வெளிநாட்டு நிறுவனத்துடையது; பழுது நேர்ந்தால் தொலைபேசியில் அந்த நிறுவனத்தை அழைத்து ஆங்கிலத்தில் பேச வேண்டும்; ஆகவே ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறுகிறவர்களுக்கே நிரந்தர வேலை. இந்த ஏற்பாட்டில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. நான்கு வார்த்தை ஆங்கிலம் பேசத் தெரிந்தவனுக்குத் திறக்கிற கதவுகள் எத்தனை என்பது, அந்தக் கதவுகளுக்கு வெளியே நிற்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது. அவளுடைய கணவன் வெல்டர். தீப்பொறி தெறித்து இடது கண் போய் மூன்றாண்டு ஆகிறது. வலது கண்ணும் மங்கத் தொடங்கிவிட்டது. நிரந்தர ஊழியர் குடும்பத்துக்கு அதே மருத்துவமனையில் கண் அறுவை செய்வார்கள். ஒப்பந்த ஊழியர் குடும்பம் வரிசையிலேயே நிற்க முடியாது. ஆக, அந்தத் தேர்வில் அவளுக்கு இருந்தது வேலை மட்டுமன்று. அவனுடைய மிச்சமிருக்கிற ஒரு கண்.

மருத்துவமனையின் எல்லாப் பிரிவுக்குமாக, சிற்றுண்டிச் சாலையின் பின் அறையில் எட்டு வாரம் வகுப்பு நடந்தது. அறுபது பேருக்கு முப்பது புத்தகம். தாளின் ஒரு புறம் மட்டுமே அச்சு; இடப்பாதி முழுவதும் கேள்விகள், வலப்பாதி முழுவதும் பதில்கள். அவளுக்குக் கூட்டாளியாக வாய்த்தவள் மூன்றாம் மாடியில் தரை துடைப்பவள். வாய் மூடாதவள் என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"ரெண்டு பேருக்கு ஒரு புத்தகம்னா எப்படிக்கா? நீ கிழக்க போற, நான் மேற்க போறேன்" என்றாள் ரேடியோ முதல் நாளே. "நடுவுல பிரிச்சுப்போம். கேள்வி கேக்கறது எனக்குப் பொறந்ததுலேருந்து வரும். பதில் சொல்றதுதான் ஆகாது. நீ பதிலை எடுத்துக்கோ."

தையலைப் பிரித்து, ஒவ்வொரு தாளையும் நடுவில் கத்தரித்து, கேள்விகளை ஒருத்தியும் பதில்களை ஒருத்தியும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மற்றவர்களும் அதைப் பார்த்து அவ்வாறே செய்தார்கள். ஆசிரியையும் நல்ல யோசனை என்று பாராட்டினார். எட்டு வாரத்தின் முடிவில் ட்ரே அக்காவுக்கு நூற்றுப் பன்னிரண்டு பதில்கள் தலைகீழாகத் தெரியும். ஒரு கேள்விகூடக் கேட்கத் தெரியாது. தேர்வில் கேட்கப்போவது அவர்கள்தானே என்று அவளும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

அன்று விடியற்காலை ஐந்தரை மணிக்கு அடுப்படியில் நின்றபடி அவள் பதில்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "ஐ கம் பை பஸ். ஐ ஹாவ் ஒன் டாட்டர். மை ஹாபி இஸ் கார்டனிங்."

கணவன் சுவரைத் தடவிக்கொண்டு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தான்.

"நான் வேணும்னா கேள்வி கேக்கட்டுமா?"

"உங்களுக்கு என்ன தெரியும் கேக்க?"

"வாட் இஸ்..." என்று கம்பீரமாகத் தொடங்கியவன் சிறிது யோசித்தான். "வாட் இஸ் பஸ்?"

துணிக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் தலை வாரிக்கொண்டே சிரித்துவிட்டாள். "அண்ணா, உன்னை மாதிரி ஒருத்தர் அங்க உக்காந்திருந்தா அண்ணி முதல் மார்க்குதான். ஆமா அண்ணி, தோட்டம் போடறேன்னு சொல்றீங்களே, நம்ம வீட்ல தோட்டம் எங்க இருக்கு? ஜன்னல்ல காயற துணியா?"

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. மாத்திச் சொன்னா தப்பாயிடும்."

"உள்ளதைச் சொன்னா தப்பு, இல்லாததைச் சொன்னா ரைட்டா? நல்ல பரீட்சை!"

"சும்மா இரு. அவ படிக்கட்டும்" என்று தங்கையை அடக்கிவிட்டு, கணவன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "பயப்படாதே. உன் வேலை உனக்குத் தெரியும்ல?"

"வேலையைப் பத்திக் கேக்கமாட்டாங்களாம்" என்றாள் அவள்.

ஏழு மணிக்கு அறைக்குள் நுழைந்து, தலைமுடியை வலைத்தொப்பிக்குள் செருகிக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் புதிய இயந்திரத்துக்கு ஒரு சோதனை உண்டு. மடித்த துணிக்கட்டின் நடுவே ஒரு தாளை வைத்து, வேறு எதையும் உள்ளே வைக்காமல் ஓட்ட வேண்டும். நீராவி துணியின் நடு வரைக்கும் புகுந்திருந்தால் தாள் முழுவதும் ஒரே சீராகக் கறுக்கும். எங்காவது காற்று தங்கிவிட்டால் அந்த இடம் வெளுத்து நிற்கும். வெளுத்தால் கிருமி சாகவில்லை என்று பொருள். விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், அந்த அறையில் வேறொரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காகச் சோதனைத் தாளையும் அன்றைய முதல் தட்டையும் ஒன்றாகவே உள்ளே தள்ளிவிடுவார்கள். அன்றும் எலும்பு அறுவைக்கான பெரிய தட்டு தாளோடு சேர்ந்தே உள்ளே போயிற்று.

எட்டு மணிக்கு அவள் துணிக்கட்டைப் பிரித்தாள். தாளின் நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெளுப்பு.

அறையின் பொறுப்பாளருக்கு முத்திரை சார் என்று பெயர். எந்தக் காகிதத்தைக் கண்டாலும் கை தானாக முத்திரைக் கட்டையைத் தேடும் மனிதர்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க. நடுவுல வெளுத்திருக்கு."

"வெளிச்சம் அப்படித் தெரியும்மா."

அவள் தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"கொஞ்சூண்டுதானே. ஓரமெல்லாம் கரியா கறுத்திருக்கே."

"நடுவுலதானே சார் காத்து நிக்கும்? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

அவர் சுவரில் தொங்கிய தொலைபேசியைப் பார்த்தார். அதன் மேலே ஓர் அட்டை. சோதனை தவறினால் பதிவேட்டில் பழுது என்று எழுதி, எழுதியவரே நிறுவனத்தை அழைக்க வேண்டும் என்று அதில் அச்சிட்டிருந்தது. முத்திரை சாரின் மனக்கணக்கு இதுதான்: பழுது என்று எழுதினால் தொலைபேசியில் அழைக்க வேண்டும், அழைத்தால் ஆங்கிலம் பேச வேண்டும், ஆகவே பழுது இல்லை.

"இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடலாம்" என்றார். பெரிய தட்டைப் பழக்க தோஷத்தால் முத்திரையிட்டு அலமாரியில் வைத்தார். இரண்டாம் முறை தாள் மட்டும் தனியாகப் போயிற்று. இடையில் பக்கத்திலிருந்த பழைய இயந்திரம் தண்ணீர் கேட்டது. அதைக் கவனித்து முடிப்பதற்குள் ஒன்பதே முக்கால். வெளியே எடுத்தபோது வெளுப்பு இரண்டு நகம் அளவுக்கு வளர்ந்திருந்தது.

"சார்..."

"தெரியுதும்மா, தெரியுது." அவர் முத்திரைக் கட்டையை மேசையில் வைத்தார். "எனக்கு டிகிரி இருக்கு. எழுதச் சொல்லு, பக்கம் பக்கமா எழுதுவேன். அந்தப் பக்கம் ஒருத்தன் பேச ஆரம்பிச்சா எனக்குக் காது அடைச்சுக்குது. போன மாசம் கூப்பிட்டேன். மூணு தடவை பார்டன், பார்டன்னான். நாலாவது தடவை நானே வெச்சுட்டேன். ஊர்ல இருக்கற ஜனமெல்லாம் சிரிச்ச மாதிரி இருந்துது."

அவரைத் திட்டுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. அந்தக் காது அடைப்பு எப்படிப்பட்டது என்பதை அவளும் அறிவாள். சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் குறையப் பத்து காட்டியது. பத்தரைக்குத் தேர்வு. பட்டியலில் அவள்தான் கடைசி.

"நான் கூப்பிடட்டுமா சார்?" என்று கேட்டது தன் வாய்தான் என்பது அவளுக்கே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

"உனக்குப் பத்தரைக்குப் பரீட்சைம்மா."

"தெரியும் சார்."

இணைப்புக் கிடைப்பதற்கே பத்து நிமிடம் ஆயிற்று. காதுக்குள் ஏதோ சங்கீதம் ஓடி, சட்டென்று நின்று, ஓர் ஆண்குரல் வேகமாக ஏதோ கேட்டது. அவளுடைய நூற்றுப் பன்னிரண்டு பதில்களும் ஒரே சமயத்தில் வாசலை நோக்கி முண்டியடித்தன. முந்திக்கொண்டு வெளியே விழுந்தது, "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ" என்பது.

"ஹலோ?" என்றது மறுபக்கம். இப்போது கேட்க வேண்டும். கேட்பதற்குத்தான் அவளிடம் ஒன்றுமே இல்லை. ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு கதவுப் பக்கம் கத்தினாள்.

"ரேடியோ! அடி ரேடியோ!"

மூன்றாம் மாடிக்குச் சுத்தத் துணிகள் எடுக்க வந்திருந்த ரேடியோ வண்டியோடு எட்டிப் பார்த்தாள். அறைக்குள்ளே மஞ்சள் கோடு ஒன்று தரையில் உண்டு. வெளிச் செருப்போடு அதைத் தாண்டக் கூடாது. அவள் கோட்டில் வந்து நின்றாள்.

"என்னக்கா, இன்னும் பரீட்சைக்குப் போகலையா?"

"ஒரு கேள்வி வேணும். சீக்கிரம்!"

"எந்தக் கேள்வி? கடைல கேக்கறதா, பேங்க்ல கேக்கறதா, ஸ்டேஷன்ல கேக்கறதா?"

"உதவி கேக்கறது!"

"அது பக்கம் முப்பத்தொண்ணு. கேன் யூ ஹெல்ப் மீ, ப்ளீஸ்?"

ட்ரே அக்கா அதை அப்படியே தொலைபேசிக்குள் சொன்னாள். குரல் மகிழ்ச்சியோடு, என்ன பிரச்சினை என்று கேட்டது. இந்தக் கேள்வி அவளுக்குப் புரிந்தது. புத்தகத்தில் அதற்குப் பதிலும் இருந்தது: எனக்குத் தலை வலிக்கிறது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்ட தலைவலியை அவள் பல்லைக் கடித்துத் தடுத்தாள். பிறகு, புத்தகத்தில் இல்லாத முதல் வாக்கியத்தைத் தானே கட்டினாள்.

"மெஷின் நாட் குட். டெஸ்ட் பேப்பர், சென்டர், வொயிட்."

அவ்வளவுதான். மறுபக்கத்திலிருந்து மடை திறந்ததுபோல் ஆங்கிலம் கொட்டிற்று. அதில் அவளுக்குப் பிடிபட்டது "டோர்" என்ற ஒரு சொல் மட்டுமே. முத்திரை சார் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்.

"ஸ்டாப்!" என்றாள் அவள். தான் ஒரு பெரிய மனிதரை அதட்டிவிட்டோம் என்ற பயத்தில் குரல் தேய்ந்தது. "சார், ஸ்லோ. ஒன் ஒன். ப்ளீஸ்."

குரல் நின்றது. பிறகு, மழலைக்குச் சொல்வதுபோலன்றி, உடன் வேலை செய்கிறவரிடம் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது. திரையில் மூன்றாவது பொத்தான். ஆம். கசிவுச் சோதனை. ஆம், பார்த்திருக்கிறேன் என்றாள் அவள். அதை அழுத்து.

கோட்டுக்கு அப்பாலிருந்து ரேடியோ கூவினாள். "அக்கா, ஹவ் லாங் வில் இட் டேக்னு கேளு! அது பஸ்ஸுக்கு உள்ளது, இதுக்கும் சரியா வரும்!"

கேட்டாள். "ட்வென்டி மினிட்ஸ்" என்றது குரல். இதைப் புரிந்துகொள்ள யாருடைய உதவியும் அவளுக்குத் தேவைப்படவில்லை. கடிகாரம் பத்தே காலைத் தாண்டியிருந்தது.

"வெச்சுட்டுப் போயிடும்மா" என்றார் முத்திரை சார். "உன் வீட்டுக்காரர் கண்ணு..."

"வெச்சா யார் சார் பேசறது?"

அந்த இருபது நிமிடமும் அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஒரு கண் இயந்திரத்தின் திரையில், ஒரு கண் கடிகாரத்தில். முள் பத்தரையைத் தொட்டபோது கால்கள் தாமே கதவுப் பக்கம் திரும்பின. தொலைபேசிக் கம்பி அவளை இழுத்து நிறுத்திற்று. இப்போது மேலே அவள் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். இரண்டாம் முறையும் கூப்பிட்டிருப்பார்கள். திரையில் ஒரு சிவப்பு எண் எழுந்தது. அவள் ஒவ்வோர் இலக்கமாகப் படித்தாள். குரல், கதவின் ரப்பரை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லிற்று. குனிந்து தடவினாள். கீழே, இடது மூலையில், விரல் நுனியில் ஒரு பிளவு தட்டுப்பட்டது.

"சார், ரப்பர் கட். கார்னர். டவுன், லெஃப்ட்."

"குட்" என்றது குரல். நாளை ஆள் வருவான், அதுவரை இயந்திரத்தை ஓட்டாதே என்று சொல்லி, விடைபெறப் பார்த்தது.

அவள் விடவில்லை. காலையிலிருந்து நெஞ்சுக்குள் முள்ளாக நின்றதை, எந்தப் பக்கத்திலும் அச்சிடப்படாத ஒரு கேள்வியாக, வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கி எடுத்தாள்.

"சார், மார்னிங், சேம் டைம், ஒன் ட்ரே இன்சைட். ட்ரே குட்? ட்ரே பேட்?"

குரல் மிக மெதுவாக வந்தது. "டோண்ட் யூஸ் இட். பிரிங் இட் பேக்."

நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்துத் திரும்பினாள். அலமாரியில் பெரிய தட்டு இருந்த இடம் காலியாக இருந்தது.

"சார், ட்ரே எங்க?"

"ஆபரேஷன் தியேட்டர்லேருந்து ஆள் வந்தாம்மா. நீ போன்ல இருந்தே. முத்திரை இருக்கே, எடுத்துக்கறேன்னான். நானும்..." அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "பதினொண்ணுக்கு ஆபரேஷன்."

"ஐயோ" என்றாள் ரேடியோ.

அறுவைக் கூடத்துக்குத் தொலைபேசி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் அங்கே எல்லோரும் கை கழுவிக்கொண்டு நிற்பார்கள். எடுக்க ஆள் இராது. நேரே ஓடினாலும் இந்த உடையோடு வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். பத்து நாற்பத்தாறு. அப்போதுதான் அறிவிப்புப் பலகையில் தான் நூறு முறை படித்த தாள் அவள் நினைவுக்கு வந்தது. தேர்வுக் குழுவின் மூன்றாவது ஆள் எலும்பு டாக்டர்.

"நீங்க போனை வெக்காதீங்க சார், அடிச்சுக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

"பரீட்சைக்கா?" என்று கேட்டார் அவர், பரிதாபமாக.

"டாக்டர் அங்கதான் சார் இருக்காரு!"

மின்தூக்கி நான்காம் மாடியில் நின்றுகொண்டிருந்தது. படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக ஏறினாள். கூட்ட அறை வாசலில் நின்ற உதவியாளர் வழி மறித்தார். "மூணு தடவை கூப்பிட்டாச்சும்மா. எங்க போயிருந்தீங்க?" அவள் அவரைத் தாண்டிக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே நீண்ட மேசை. அதற்கு அப்பால் மூவர்: வகுப்பு நடத்திய நிறுவனம் அனுப்பிய தேர்வாளர் அம்மையார், மருத்துவமனையின் அலுவலக மேலாளர், வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கும் தருவாயில் எலும்பு டாக்டர்.

"டாக்டர், அந்தப் பெரிய ட்ரேயை..." என்று மூச்சிரைக்கத் தொடங்கினாள்.

தேர்வாளர் அம்மையார் ஒரு விரலை உயர்த்தினார். "இங்கிலீஷ் ஒன்லி, ப்ளீஸ். சிட் டௌன்."

பதினோராண்டாக, உட்கார் என்றால் உட்கார்ந்தும் நில் என்றால் நின்றும் பழகிய உடம்பு. அவள் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் கைப்பேசியைப் பார்த்தார். அம்மையார் தாளில் இருந்த முதல் கேள்வியைப் படித்தார்: ஓய்வு நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

நாற்பத்தேழாவது பதில். தோட்டம். அது நாக்கில் தயாராக உட்கார்ந்திருந்தது. ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். அடுத்த பத்தொன்பதையும் சொல்லியிருக்கலாம். வலது கண்ணைச் சுருக்கிச் சுவரைத் தடவி வருகிற ஒருவன் அவள் முன்னே வந்து நின்றான். அவனுக்குப் பின்னால், மேசையில் மயங்கிக் கிடக்கிற, முகம் தெரியாத இன்னொருவர். இன்னும் எட்டு நிமிடத்தில் யாரோ அந்தத் துணியைப் பிரிப்பார்கள்.

"நோ ஃப்ரீ டைம், மேடம்" என்றாள் அவள். டாக்டர் பக்கம் திரும்பினாள். "சார், யுவர் ட்ரே நாட் க்ளீன்."

டாக்டர் தலையை உயர்த்தினார். ஆங்கிலத்திலேயே கேட்டார், எந்தத் தட்டு என்று.

"பிக் ட்ரே. போன் ட்ரே. சிக்ஸ்டி ஃபோர்."

யார் சொன்னது?

"கம்பெனி. ஐ ஆஸ்க், ஹீ செட். மெஷின் டோர், ரப்பர் கட். டெஸ்ட் பேப்பர் வொயிட், டூ டைம். ட்ரே இன் தியேட்டர் நவ். சார், டோண்ட் ஓபன்!"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. டாக்டர் அதை நிமிர்த்தக்கூட நிற்கவில்லை. படிக்கட்டில் அவருடைய காலடி தடதடவென்று மேலே போவது கேட்டது.

மேலாளர் தொண்டையைச் செருமினார். நாற்காலியை எடுத்து ஒழுங்காக நிறுத்தினார். ஒன்றும் நடவாததுபோல் அம்மையார் அதே கேள்வியை மறுபடி படித்தார். ட்ரே அக்காவின் காது கதவுக்கு வெளியே, மாடிக்கு மேலே எங்கோ இருந்தது. போய்ச் சேர்ந்தாரா? இரண்டாம் கேள்வி வந்தது. ஐந்தாம் கேள்வி வந்தது. நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றாவது நினைவுக்கு வர வேண்டுமே! கழுவிவிட்ட பலகையாக இருந்தது மனம். கடைசியில் அவள் வாயிலிருந்து வந்ததும் ஒரு கேள்விதான்.

"மேடம், டாக்டர் கோ... இன் டைம்?"

"இங்கே கேள்வி கேட்பது நாங்கள்" என்று அம்மையார் ஆங்கிலத்தில் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை, விதியைச் சொன்னார். பின்னர்ப் பேனாவை எடுத்தார்.

டாக்டர் போய்ச் சேர்ந்தபோது வெளித்துணி பிரிந்திருந்தது, உள்துணி பிரியவில்லை. அறுவை மாலைக்குத் தள்ளிப்போயிற்று. பழைய இயந்திரத்தில் மறுபடி வெந்து வந்த கருவிகளால் அது நல்லபடியாக முடிந்தது. அந்த நோயாளிக்கு இந்த விவரம் இன்றளவும் தெரியாது.

திங்கட்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். நான்கு பெயர்கள். அவள் பெயர் இல்லை. முத்திரை சார் நடந்தது அனைத்தையும், தம் தவற்றையும் சேர்த்து, மூன்று பக்கம் எழுதி அலுவலகத்தில் கொடுத்திருந்தார். மேலாளர் அதை வேறொரு கோப்பில் வைத்தார். அது இயந்திரக் கோப்பு, இது தேர்வுக் கோப்பு. டாக்டரும் அவளைத் தேர்ச்சி பெறச் செய்யும்படி சொல்லிப் பார்த்தார். பாதியில் எழுந்து போனவருடைய மதிப்பெண் செல்லாது என்று விதி காட்டினார்கள். இரண்டு கையொப்பம் போதுமாம்.

அவள் அலுவலகத்துக்குப் போனாள். போகுமுன் ரேடியோ தடுத்தாள். "வேணாம்க்கா, உள்ளதும் போயிடும்." அதைக் கேளாமல் ட்ரே அக்கா போய்விட்டாள்.

"என் மேல என்ன தப்பு சார்?"

"தப்புன்னு யாரும்மா சொன்னா?" மேலாளர் நல்ல மனிதர்தாம், உட்காரச் சொன்னார். "இருபது கேள்வி. முதல் கேள்விக்கு ஃப்ரீ டைமே இல்லைன்னீங்க. மீதிக்கு அதுகூட இல்ல. நான் என்ன பண்ணட்டும்?"

"டாக்டர் கேட்டாரே, அதுக்கெல்லாம் சொன்னேனே. இங்கிலீஷ்லதானே சொன்னேன்?"

"அது ஷீட்ல இல்லம்மா."

"கம்பெனிக்காரன்கிட்ட முக்கால் மணி நேரம் பேசினேன் சார். அதுக்காகத்தானே இந்தப் பரீட்சையே?"

அவர் தாளைப் புரட்டினார். அதில் விடை கிடைக்காது என்று அறிந்தும் புரட்டினார். "அப்பீல் எழுதிக் குடுங்க. ஏப்ரல் ரெண்டாம் தேதி மறுபடி கூப்பிடுவாங்க."

"என்ன கேப்பாங்க?"

"அதே ஷீட்தான்."

அன்று மாலை வீட்டில் கணவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த ஆளு, ஆபரேஷன் பண்ணினாங்களே, நல்லா இருக்காரா?"

"எந்திரிச்சு உக்காந்துட்டாராம்."

"அது போதும்" என்றான் அவன். போதாது என்பது அவனுக்கும் தெரியும். நாத்தனார் அன்று கேலி ஒன்றும் செய்யவில்லை. விளக்கை அவன் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் இரண்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் இதைப் படித்துவிட்ட நீங்கள், இப்படிப்பட்ட ஏதோ ஒரு மேசைக்கு அந்தப் பக்கத்தில் உட்காருகிறவராக இருப்பீர்கள். அல்லது உட்காருகிறவர் ஒருவரையாவது அறிந்திருப்பீர்கள். அந்த இருபது கேள்விகளை இன்றே எடுத்து எறியுங்கள். எதிரே வந்து உட்காருகிறவளிடம், இன்று உன் வேலையில் என்ன கெட்டுப்போயிற்று, அதை யாரிடம் எப்படிச் சொன்னாய் என்று கேளுங்கள். கேட்டபின், எத்தனை இடத்தில் தடுக்கினாலும், அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். அதற்குப் பிறகும் பதில் சொல்லவில்லை என்று எழுத உங்கள் கை துணியுமாயின், உங்கள் பெயரையும் முகவரியையும் அதன் கீழே தெளிவாக எழுதுங்கள்.